நாடி இல்லாத கையும் நாள் பார்க்கும் மடமையும்



“நாடி விழுந்துவிட்டது” என்றால் உயிர் போய்விட்டது என்பது நம்மவர் வழக்கு. ஆனால் உயிரோடு நடமாடி, வீட்டு வேலை அத்தனையும் செய்துகொண்டிருக்கும் ஓர் இளம்பெண்ணின் கையிலேயே நாடி தட்டுப்படாமல் போகும் வியாதி ஒன்று உண்டு. 1908-ம் வருஷத்தில் ஜப்பான் தேசத்துக் கண் வைத்தியர் தக்கயாசு என்பவர் இதை ஒரு பெண்ணின் கண்ணில் கண்டு வெளியிட்டபடியால், அவர் பெயரே இதற்கு வழங்குகிறது. இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாயும் அதன் கிளைகளும் அழற்சி கண்டு, சுவர் தடித்து, வழி குறுகிவிடுகின்றன. அபூர்வமான வியாதிதான். ஆனால் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களையே பிடிக்கிறது.

இப்பெண்ணுக்கு நம் ஜனங்கள் செய்வதென்ன? ஒரு சாரார், “முன் ஜென்மப் பாவம், இவளுக்குப் பிள்ளையே கூடாது” என்று ஒதுக்குகிறார்கள். மற்றொரு சாரார், “ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாய்ப் போகும்” என்று சாந்தி முகூர்த்தத்துக்கு நாள் பார்க்கிறார்கள். இரண்டும் மடமையே.

உண்மையில் பார்க்க வேண்டிய நாள் வேறு. வியாதி அடங்கிக் குறைந்தது 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அதுவரை கர்ப்பத்தடை அவசியம். மெதோட்ரெக்சேட், மைக்கோபினோலேட் போன்ற மருந்துகள் சிசுவைக் கெடுக்குமாதலால், டாக்டர் யோசனைப்படி முன்கூட்டியே அவற்றை நிறுத்தி, அஸாதையோப்ரின் போன்றதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பயந்துபோய்த் தானாகவே எல்லா மருந்தையும் விட்டால் வியாதி மூண்டெழும். இப்படி ஒழுங்காய் நடந்தால் பெரும்பாலோர் குழந்தையை உயிரோடு பெற்றெடுக்கிறார்கள்.

ஆனால் முக்கிய அபாயம் இரத்தக் கொதிப்பு. அது தாய்க்கு வலிப்பையும் மூளையில் இரத்தக் கசிவையும், சிசுவுக்கு வளர்ச்சிக் குறைவையும் உண்டாக்கும். குழாய் அடைபட்ட கையில் அளந்தால் கருவி குறைவாகவே காட்டும். உள்ளே கொதிப்பது வெளியே தெரியாது. ஆகவே இரண்டு கையிலும் பார்க்க வேண்டும். இரண்டும் குறுகியிருந்தால் காலில் பார்க்க வேண்டும்.

நாம் கேட்கிறோம்: வலியும் அபாயமும் அவளுடையதாயிருக்க, எப்போது பிள்ளை, பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும் பாத்தியதை மாத்திரம் மாமியாருக்கும் ஜோசியனுக்கும் எப்படி வந்தது?

ஏழாம் மாதத்தில் இரண்டு கையிலும் வளையல் அடுக்குகிறவர்கள், கர்ப்பத்துக்கு முன்பே அந்த இரண்டு கையிலும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லட்டும். வளையல் ஓசை குழாய் அடைப்பைத் திறந்துவிடாது.