ஊர்க் கைத்தொழிலை ஊரே காக்க வேண்டும்

மானிப்பாய்க்குப் பணம் வருவதில் இன்று குறைவில்லை. கனடா, இங்கிலாந்து, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளில் வாழும் எம்மவர் தம் பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் அனுப்பும் பணம் வங்கிகளில் வந்து சேர்கின்றது. ஆனால், வந்த பணம் ஊரில் தங்குகின்றதா என்பதே நாம் கேட்கும் கேள்வி. காலையில் வங்கியில் எடுத்த பணம் மாலைக்குள் கடைக்குப் போகின்றது. கடையிலிருந்து கொழும்புக்குப் போகின்றது. சவர்க்காரம், பிஸ்கற், எண்ணெய், மிளகாய்த்தூள், கோதுமை மா என்று லொறி நிறையச் சரக்கு வந்து இறங்குகின்றது. லொறி திரும்பும்போது, எம்மவர் பனியிலும் குளிரிலும் நின்று உழைத்த உழைப்பின் பயனும் அதனுடன் திரும்பிவிடுகின்றது. துலா மிதித்து இறைத்த நீர் வாய்க்கால் உடைப்பிலே போய்விட்டால் பாத்தியில் பயிர் நிற்குமா? தோட்டஞ் செய்வோருக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை.

இவ்வுடைப்பை அடைக்க வல்லவர்கள் ஊரிலேயே பொருள் செய்வோரே. எண்ணெய் ஆலை வைத்திருப்போர், மாவும் தூளும் அரைப்போர், பலகாரஞ் செய்வோர், பனம்பண்டங்கள் ஆக்குவோர், இரும்புப் பட்டறை நடத்துவோர் ஆகிய இவர்களைக் குறித்தே சொல்கின்றோம். பத்துப் பேருக்கு வேலை கொடுக்கும் ஒரு சிறு தொழிலகத்தைப் பற்றி மேடையில் எவரும் பேசுவதில்லை. பெருந்தொழிற்சாலை வரும், பெருந்திட்டம் வரும் என்ற பேச்சே எங்கும் கேட்கின்றது. இந்த நிலை மாறவேண்டும் என்பதே எமது கருத்து.

வெளியிலிருந்து வரும் பணத்தை நம்பி வாழ்வது எமக்குப் புதிதன்று. மலாயாவுக்குச் சென்றோர் அனுப்பிய பணத்திலும், தென்னிலங்கையில் அரசாங்க உத்தியோகம் பார்த்தோர் அனுப்பிய மணியோடரிலும், தெற்கின் பட்டினந்தோறும் சுருட்டுக்கடை வைத்தோர் கொண்டுவந்த இலாபத்திலும் யாழ்ப்பாணத்துக் கல்வீடுகள் எழுந்தன. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்பது எமது முன்னோர் வைத்த பழமொழி. அக்கோறணமேந்து 1956 ஆம் ஆண்டில் சிங்களம் மட்டும் சட்டத்தை இயற்றித் தமிழரின் முகத்திலேயே கதவைச் சாத்தியது. 1958 இலும் 1977 இலும் 1983 இலும் தெற்கில் எழுந்த வன்செயல்களில் தமிழரின் கடைகள் சூறையாடப்பட்டன, எரிந்தன. பிறர் கையிலுள்ள கதவை நம்பி வீடு கட்டியவர் நிலை இதுவே. இன்று நாம் நம்பியிருப்பது மேனாடுகளின் கதவுகளை. அங்கே பிறந்து வளரும் பிள்ளைகள், தாம் கண்டறியாத ஊருக்குத் தம் பெற்றோரைப்போல என்றென்றும் பணம் அனுப்புவார்கள் என்று எண்ணியிருப்பது அறிவுடைமை ஆகாது.

மானிப்பாய்க்குப் பெயர் வந்தது வெளியிலிருந்து வாங்கியதால் அன்று, தன்னகத்தே செய்ததால். 1834 ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த அச்சாளர் ஈஸ்ற்மன் மைனர் இவ்வூரில் அச்சுக்கூடத்தைப் பொறுப்பேற்றார். 1842 இல் 58,000 இற்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ் அகராதி அங்கிருந்தே வெளிவந்தது. தமிழுலகம் அதனை இன்றும் மானிப்பாய் அகராதி என்றே வழங்குகின்றது. அச்சுக் கோத்தல், நூல் கட்டுதல் ஆகிய வேலைகளை உள்ளூரார் கற்றனர். பிற்காலத்தில் அத்தொழிலைத் தாமே நடத்தவும் தலைப்பட்டனர். வைத்தியர் சாமுவேல் கிறீன் இதே ஊரில் இருந்தே தமிழ் மாணவருக்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். கற்பிப்போரும் கருவியைக் கையாள்வோரும் ஓரிடத்தில் கூடினால் ஒரு சிற்றூர் என்ன செய்யக்கூடும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டுமா?

சிறு தொழில் ஓர் ஊரை எவ்வாறு தாங்குகின்றது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் கூறுவோம். மானிப்பாயை அடுத்த ஆனைக்கோட்டையின் நல்லெண்ணெய்க்குக் குடாநாடு எங்கும் மதிப்பு உண்டு. ஊர் ஆலையில் எள் ஆட்டப்படும்போது பயன்பெறுவோர் எத்தனை பேர் என எண்ணிப் பாருங்கள். எள் விதைத்த விவசாயிக்குக் காசு கிடைக்கின்றது. ஆலையில் வேலை செய்வோருக்குக் கூலி கிடைக்கின்றது. எண்ணெய் அடுக்களைக்கும் பிள்ளை பெற்ற தாயின் பத்தியத்துக்கும் ஆகின்றது. பிண்ணாக்கு மாட்டுக்குப் போகின்றது. மாடு பால் தருகின்றது. எரு தோட்டத்துக்குப் போகின்றது. ஆலை பழுதுபட்டால் பட்டறைக்காரருக்கு வேலை வருகின்றது. கணக்கெழுத ஒரு பிள்ளைக்கு வேலை வருகின்றது. அதே எண்ணெய் போத்தலில் அடைக்கப்பட்டுத் தூர இடத்திலிருந்து வந்தால் ஊருக்கு மிஞ்சுவது கடைக்காரரின் சிறு கழிவும் வெறும் போத்தலுமே. பிண்ணாக்கைக்கூட நாம் வேறாக விலைகொடுத்து வாங்கவேண்டும்.

மிளகாய், வெங்காயம் பயிரிடுவோரின் கதையும் இத்தகையதே. 1970 இல் பதவிக்கு வந்த அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது குடாநாட்டு விவசாயி தலைநிமிர்ந்தான். பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைப் புகுத்தி எமது பிள்ளைகளுக்கு அநீதி இழைத்ததும் அதே அரசாங்கந்தான். எனினும், தோட்டக்காரன் கையில் அக்காலத்தில் காசு புழங்கியது என்பதை மறுப்பதற்கில்லை. 1977 இன் பின் சந்தை திறந்துவிடப்பட்டதும் அந்நிலை சரிந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அறுவடைக் காலத்தில் விலை விழுவதும், விளைந்ததைக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு விவசாயி கடனோடு வீடு திரும்புவதும் வழக்கமாகிவிட்டன. மிளகாயைக் காயவைத்து, வறுத்து, சரக்குச் சேர்த்துத் தூளாக்கும் ஆலைகள் ஊர்தோறும் வலிமையோடு இருந்தால், சுன்னாகச் சந்தையிலும் மருதனார்மடத்திலும் அன்றன்று கூறப்படும் விலை ஒன்றையே விவசாயி நம்பியிருக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக் கறித்தூளுக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் எம்மவர் இருக்குமிடமெல்லாம் கிராக்கி உண்டு. அத்தூளுக்குரிய மிளகாய் எமது மண்ணில் விளைந்ததாக இருக்கவேண்டும் என்று கேட்பது பேராசையா?

பெருந்தொழிற்சாலைகளை நாம் வெறுக்கவில்லை. காங்கேசன்துறைச் சிமெந்துத் தொழிற்சாலை 1950 முதல் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இயங்கியது. இவை உருவாவதற்குத் திரு. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்து ஆற்றிய பணியை எவரும் மறக்கமுடியாது. ஆனால், காங்கேசன்துறை ஆலை 1990 இல் போரினால் மூடப்பட்டது. பரந்தனும் போரில் அழிந்தது. போர் முடிந்த 2009 இன் பின்னரும் பழைய நிலைக்கு அவை மீளவில்லை. காங்கேசன்துறையில் சுண்ணக்கல் அகழ்ந்த பள்ளங்கள் எஞ்சி நிற்கின்றன. ஒரு பெரிய ஆலையைத் திறப்பதும் மூடுவதும் கொழும்பின் கையில். ஊராரின் கையில் இருப்பது ஊர்த்தொழில் ஒன்றே.

இதனைக் கொள்கையாகச் சொல்லவில்லை, பட்டறிந்து சொல்கின்றோம். 1990 முதல் 1995 வரை குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எரிபொருள், சவர்க்காரம், மின்கலம், பசளை முதலியன வரவில்லை. பனம்பழத்தைக் கொண்டு துணி வெளுத்தோம். ஜாம் போத்தலில் விளக்கேற்றினோம். மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டினோம். அன்று எம்மைக் காத்தது எமது கைவினையே. 2022 இல் நாடே அந்நியச் செலாவணி இன்றித் தவித்தபோதும் அப்பாடமே மீண்டும் ஒப்புவிக்கப்பட்டது. கப்பலில் வருவது நின்றபோது கடையில் எஞ்சியிருந்தது உள்ளூரில் ஆக்கப்பட்டதே. இடர் வரும்போது மட்டும் ஊர்ப்பொருளைத் தேடி, இடர் நீங்கியதும் அதனைப் புறக்கணிப்பது நன்றியுடைமை அன்று.

உள்ளூர்த் தொழிலதிபர் ஊருக்குக் கொடுப்பது கூலி மாத்திரமா? யாழ்ப்பாணத்தில் மில்க்வைற் சவர்க்காரத் தொழிலகத்தை நடத்திய திரு. க. கனகராசா, தம் வருவாயைக் கொண்டு பனங்கொட்டை நடுவதை ஓர் இயக்கமாகவே நடத்தினார். அறநூல்களை அச்சிட்டு வழங்கினார். அயலூரான இணுவிலில் எழுந்த அண்ணா தொழிலகத்தின் கோப்பியை அறியாத வீடு குடாநாட்டில் அரிது. தொழில் செய்பவர் எம்மிடையே வாழ்ந்தால், கோயிலிலும் பாடசாலையிலும் வாசிகசாலையிலும் அவரை நாம் காண்போம், அவரிடம் கேட்போம், அவரைக் கண்டிக்கவும் செய்வோம். தூர இருக்கும் கம்பனியை யார் சென்று கேட்பது?

எம்முடைய குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாவது, கைத்தொழிலைச் சாதியோடு பிணைத்து, செக்காட்டுவோரையும் கொல்லுவேலை செய்வோரையும் பனையேறுவோரையும் தாழ்த்தி வைத்த கொடுமை. பனையின் பெருமையை நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் தாலவிலாசமாகப் பாடியதைக் கேட்டு மகிழ்ந்த சமுதாயமே, அப்பனையில் ஏறியவரை வாசலில் நிறுத்தியது. அந்த மனப்பான்மை அடியோடு ஒழியாதவரை எந்தத் தொழிலும் இங்கே தழைக்காது. படித்த பிள்ளை பட்டறை தொடங்கினால் தாய்தந்தையர் வெட்கப்படும் நிலை இன்னமும் உண்டு. எண்ணெய் ஆலைக்கு யந்திரம் வகுக்கும் எஞ்சினியரும், உணவின் தரத்தைச் சோதிக்கும் இரசாயன அறிஞரும் ஊருக்குத் தேவை. அவர்களெல்லாம் விமானம் ஏறிவிட்டால் தொழில் யாரால் வளரும்?

இரண்டாவது, தொழில் செய்வோரின் குறை. உள்ளூர்ப் பொருள் என்பதற்காக எதையும் மக்கள் வாங்கவேண்டும் என எதிர்பார்த்தல் தவறு. இரக்கத்தால் ஒருமுறை வாங்குவர், மறுமுறை வாங்கமாட்டார். தூளில் கலப்படம் இருத்தல் கூடாது. எண்ணெயின் அளவு குறைதல் கூடாது. செய்த திகதியும் கெடும் திகதியும் உறையில் தெளிவாக இருத்தல் வேண்டும். வேலை செய்வோரிற் பெரும்பாலோர் பெண்கள். போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்குவோர் அவர்களிற் பலர். அவர்களுக்கு நியாயமான கூலியும் ஊழியர் சேமலாப நிதியும் கொடாத தொழிலகம் ஊரைத் தாங்குகின்றது என்று நாம் எழுதமாட்டோம்.

விலை கூடுதலாக இருக்கின்றதே என்பார்க்கு எமது விடை இது. சிறிய அளவிற் செய்வதால் சில பொருள்களுக்கு விலை சற்றுக் கூடுதலாய் இருப்பது உண்மை. அதனைக் குறைக்கும் வழி ஒன்று உண்டு, அதுவே கூட்டுறவு. அவ்வழியை நாம் வெளியூரிற் கற்கவேண்டியதில்லை. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்து, 1952 இல் வட்டுக்கோட்டைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற திரு. வி. வீரசிங்கம் வடபகுதிக் கூட்டுறவு இயக்கத்தின் தூணாக விளங்கினார். யாழ்ப்பாணத்து வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1930களில் புகையிலை விவசாயிகள் சங்கமாகக் கூடித் திருவிதாங்கூருக்குத் தம் சரக்கைத் தாமே விற்றனர். அதே பத்தாண்டில் மூளாயில் மக்கள் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே நிறுவினர். வைத்தியசாலையைக் கட்டிய மக்களுக்குப் போத்தல் வாங்க ஒரு சங்கம் அமைக்க இயலாதா? போத்தலும் உறையும் மொத்தமாக வாங்குதல், தரச் சோதனைக்கு ஒரு பொது இடம், வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரே வாணிபப் பெயர் ஆகிய இம்மூன்றையும் வலிகாமத்தின் சிறு தொழிலகங்கள் சேர்ந்து செய்யுமாயின் விலை தானே இறங்கும்.

ஆட்சியாளரிடமும் நாம் கேட்பது பெரிதன்று. மானிப்பாயில் அமைந்துள்ள வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபை, சிறு தொழில்களுக்குரிய அனுமதியைத் தாமதமின்றி வழங்கட்டும். சந்தையில் உள்ளூர் உற்பத்திகளுக்கென ஓர் இடம் ஒதுக்கட்டும். வங்கிகள் நகைக்குக் கடன் கொடுக்கும் வேகத்தில் யந்திரத்துக்கும் கடன் கொடுக்கட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவனமும் தம் ஆய்வுகளை ஆலை நடத்துவோர் விளங்கிக்கொள்ளும் தமிழில் வெளியிடட்டும். கிறீன் வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்ததையே நாம் இன்று வேண்டுகின்றோம்.

புலம்பெயர்ந்து வாழும் எம் உடன்பிறப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் கொடுத்துப் பழகிய கை உடையவர்கள். அக்கொடையில் ஒரு பகுதி ஊரிலுள்ள தொழிலொன்றில் முதலாக நிற்கட்டும். கொடுத்த பணம் ஒருநாட் செலவாகும். முதலிட்ட பணம் ஒரு குடும்பத்துக்கு நாள்தோறும் உலை வைக்கும்.

ஊரில் வாழ்வோருக்கு நாம் சொல்வது இன்னும் சுருக்கமானது. அடுத்தமுறை கடைக்குச் செல்லும்போது, இப்பொருள் எமதூரில் செய்யப்படுகின்றதா என ஒரு சொல் கேளுங்கள். தரம் நன்றாயின் வாங்குங்கள். நன்றன்றாயின் செய்தவரிடமே சென்று குறையைச் சொல்லுங்கள். வாய்க்கால் உடைப்பை அடைக்க அரசாங்கத்துக்கு மனு எழுதிக்கொண்டு எந்த விவசாயியும் காத்திருப்பதில்லை. மண்வெட்டியைத் தானே எடுக்கின்றான். மானிப்பாய் மக்களும் அவ்வாறே செய்வார்களாக.