ஊர் மாறலாம் – உரிமை மாறலாமா?

ஜூன் பிறந்ததும் தாம்பரம் இரயில் நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், தோழர்களே! தெற்கேயிருந்து வந்து நிற்கும் வண்டியிலிருந்து ஒரு குடும்பம் இறங்கும். அப்பன் தலையில் பெட்டி. அம்மாவின் இடுப்பிலே குழந்தை, கையிலே பாத்திர மூட்டை. அவர்களுக்குப் பின்னால், மீசை அரும்பத் தொடங்கிய ஒரு பையன். தோளில் பழைய பள்ளிக்கூடப் பை, கண்ணிலே மிரட்சி!

ஒரகடத்துத் தொழிற்சாலையிலே வேலை என்று ஒருவர் வருகிறார். மெப்ஸ் வளாகத்திலே வேலை என்று மற்றொருவர். சாரம் கட்ட, கம்பி வளைக்க, சாயம் பூச என்று இன்னும் பலர். வயிறு அழைக்கிறது, வருகிறார்கள். ஊரை விட்டு ஊர் வருவது பாட்டாளிக்குப் பொழுதுபோக்கா? பிழைப்பு!

வேலை கிடைத்தது. முன்பணம் கொடுத்து ஒண்டுக்குடித்தனமும் பிடித்தாயிற்று. மூன்றாவதாக எழுகிறது கேள்வி: பையனை எந்தப் பள்ளியிலே சேர்ப்பது?

சின்னஞ்சிறு பிள்ளை என்றால், தெருக்கோடிப் பள்ளியிலே விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். இது பதினான்கு வயது! அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு. இந்த வயதில் போடும் ஒரு முடிச்சு, பின்னால் அவிழ்க்க முடியாத முடிச்சாகவும் ஆகிவிடும். அதனால்தான் இதைப்பற்றி எழுதத் துணிந்தோம்.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறோம். திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்த தோழர் ஒருவர், பெருங்களத்தூரிலே குடியிருக்கிறார், ஒப்பந்தத் தொழிலாளி. மகன் ஊரிலே அரசுப் பள்ளியில் எட்டு முடித்தவன். ஒரு மாலை, மகனையும் அழைத்துக்கொண்டு படிப்பகத்துக்கு வந்தார். கையிலே ஒரு துண்டுச் சீட்டு. தனியார் பள்ளி ஒன்று எழுதிக் கொடுத்த கட்டணக் கணக்கு. அவருடைய நான்கு மாதச் சம்பளம் அதிலே இருந்தது!

"அண்ணே, வீட்டுக்காரம்மா சொல்லுது, மச்சான் சொல்றான், மளிகைக் கடைக்காரர்கூடச் சொல்றாரு. பட்டணத்துக்கு வந்துட்டு கவர்மென்ட் ஸ்கூலான்னு கேக்குறாங்க. சம்சாரம் தாலிக்கொடியை அடகு வைக்கலாம்னு சொல்லிட்டா. ஆனா அந்தப் பள்ளிக்கூடத்துல, இவனுக்கு இங்கிலீஷ் போதாது, மறுபடி எட்டுலதான் சேப்போம்னு சொல்றாங்கண்ணே" என்றார்.

தேறிய பிள்ளையைத் தேறாதவன் ஆக்குவதற்கு நான்கு மாதச் சம்பளம்! தலைகுனிவை விலை கொடுத்து வாங்க, தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போக வேண்டும்!

"நீங்கள் எல்லாரும் பேசிவிட்டீர்கள். இவனைக் கேட்டீர்களா?" என்றோம். தோழர் விழித்தார். வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், மைத்துனர் திறந்தார், கடைக்காரர் திறந்தார். படிக்கப்போகிற பிள்ளை மட்டும் வாய் திறக்கவில்லை. கேட்டோம். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எந்தப் பள்ளிக்கூடமா இருந்தாலும் சரிண்ணே. நான் பேசுறதைக் கேட்டுச் சிரிப்பாங்க, அதான் பயம்."

கல்வி வல்லுநர்களின் அறிக்கைகளிலே காணாத ஒரு செய்தியை அந்தப் பிள்ளை நமக்குச் சொன்னான். அவன் இழந்து வந்தது ஊரை மட்டுமா? உடன் விளையாடிய தோழர்களை, தன் பேச்சைப் புரிந்துகொண்ட ஆசிரியரை, பழகிய மரத்தடியை! அந்த இழப்போடு வந்தவனை ஒரு வகுப்பு கீழே தள்ளி, வேறு மொழியிலே நிறுத்தினால், அவன் நிமிர்வானா, நொறுங்குவானா?

"அரசுப் பள்ளியா? அது ஏழைகள் பள்ளியாயிற்றே!" என்று முகம் சுளிப்போர் உண்டு. ஆம், ஏழைகள் பள்ளிதான்! அந்த வாசல் எப்படித் திறந்தது என்பதைச் சற்றே நினைவூட்டுவோம். 1920இல், சென்னை மாநகராட்சித் தலைவராயிருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பசித்து வந்த பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். 1953இல், பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்றொரு திட்டம் வந்தபோது, தமிழகமே கொதித்தெழுந்தது. 1954இல் அது ஒழிந்தது. காமராசர் ஊர்தோறும் பள்ளி திறந்தார், மதிய உணவு தந்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டியும் வந்தது. கட்சிகள் மாறின, கொடிகள் மாறின. வாசல் மட்டும் ஒவ்வொரு கையாலும் சிறிது சிறிதாக அகலமாயிற்று. அந்த வாசலுக்கு முன்னே நின்றுகொண்டு, பக்கத்துக் கட்டடத்தின் பளபளப்பைப் பார்த்து நாம் பெருமூச்செறிவதா?

உணர்ச்சி இருக்கட்டும். கணக்குக்கு வருவோம், பாட்டாளிக்குக் கணக்கு தெரியும்.

முதல் கணக்கு, பாடநூல். 2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்டு 9ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. விளைவு? திண்டிவனத்துப் பிள்ளை புரட்டும் பாடத்திட்டமும் தாம்பரத்துப் பிள்ளை புரட்டும் பாடத்திட்டமும் ஒன்றே! மெட்ரிகுலேஷன் பள்ளியிலும் அதேதான். ஊர் மாறினாலும் பாடம் மாறாது. ஒன்பதாம் வகுப்பிலே மத்திய வாரியப் பள்ளிக்குத் தாவினால்தான் எல்லாம் மாறும்.

இரண்டாவது கணக்கு, மேற்படிப்பு. நீட் வந்தபின், அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள் ஆனார்கள். 2017இல் அரியலூர் மாவட்டத்து அனிதாவை இழந்தோம். மூட்டை சுமக்கும் தொழிலாளியின் மகள், 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்தவள்! நீதிபதி கலையரசன் குழு ஆராய்ந்து கூறியபின், 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கிச் சட்டம் வந்தது. நீதிபதி முருகேசன் குழுவின் பரிந்துரையின்பேரில் 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிந்தது. அந்த இடங்களில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

ஆனால் நிபந்தனை என்ன? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலே படித்திருக்க வேண்டும்! இதைத்தான் தோழரிடம் அழுத்திச் சொன்னோம். "உன் மகன் மூன்று ஆண்டு சேர்த்து வைத்திருக்கிறான். இன்னும் நான்கு ஆண்டு. நடுவிலே ஓராண்டு தனியார் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, முடியவில்லை என்று திரும்பினால், சேர்த்து வைத்த உரிமை செல்லாக் காசு!" இதை அந்த வீட்டுக்காரரும் சொல்லவில்லை, மைத்துனரும் சொல்லவில்லை. கட்டணச் சீட்டு எழுதியவரா சொல்லப்போகிறார்?

மூன்றாவது கணக்கு, கல்லூரிக் காலம். அரசுப் பள்ளியிலே படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆணுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அங்கும் ஆறு முதல் பன்னிரண்டு என்பதே அளவுகோல்.

நான்காவது கணக்கு, வேலை. தமிழ்வழியில் படித்தோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை. சட்டம் 2010இல் வந்தது. 2020இல் திருத்தம் வந்தது: பள்ளிப்படிப்பும் தமிழ்வழியிலேயே இருந்திருக்க வேண்டும். எட்டு வரை தமிழ்வழியில் படித்த பிள்ளையை, பட்டணத்துக்கு வந்த பவிசிலே ஒன்பதில் ஆங்கிலவழிப் பிரிவுக்கு மாற்றினால், அந்த முன்னுரிமையும் கைநழுவும். அரசுப் பள்ளிக்குள்ளேயே இரண்டு பிரிவும் உண்டு. எதில் பெயர் எழுதுகிறார்கள் என்பதைப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். ஆங்கிலம் வேண்டாம் என்பவர் அல்லர் நாம். ஆங்கிலத்தைக் கற்பது வேறு. கற்ற உரிமையை அதற்காகக் கொட்டிவிடுவது வேறு.

இனி, தாம்பரம் வட்டாரத்திலே ஏமாறக்கூடிய இடங்கள் சில. அவற்றையும் சொல்லிவிடுவோம்.

ஒன்று: அரசுப் பள்ளி வேறு, அரசு உதவிபெறும் பள்ளி வேறு. இரண்டிலும் ஏழைப் பிள்ளைகள், இரண்டிலும் சத்துணவு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேற்றுமை தெரியாது. உதவிபெறும் பள்ளிகள் செய்த தொண்டு சிறிதன்று. தமிழ்வழியில் அங்கே படிக்கும் பெண்களுக்கும் 2024 இறுதியில் புதுமைப்பெண் விரிந்தது. ஆனால் 7.5 விழுக்காட்டுச் சட்டம் அவற்றைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு உள்ளே செல்லுங்கள்!

இரண்டு: உயர்நிலைப்பள்ளி பத்தோடு நின்றுவிடும், மேல்நிலைப்பள்ளிதான் பன்னிரண்டு வரை. ஊர் மாறி வந்த பிள்ளையை இரண்டே ஆண்டில் இன்னொரு முறை பிடுங்கி நடுவானேன்? ஒன்பதில் சேர்க்கும்போதே பதினொன்றைப் பாருங்கள். கணிதப் பிரிவு உண்டா, கணக்குப் பதிவியல் உண்டா, தொழிற்பிரிவு உண்டா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பல்லாவரத்திலே மறைமலை அடிகள் பெயரிலேயே அரசு மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. தனித்தமிழ் இயக்கம் கண்டவர், தாம் வாழ்ந்த ஊரிலே பள்ளியாக நிற்கிறார்!

மூன்று: சாலை. வரைபடத்திலே அரை மைல், நடுவே ஜி.எஸ்.டி. சாலையும் தண்டவாளமும்! கிழக்குத் தாம்பரத்தில் வீடு, மேற்கிலே பள்ளி என்றால், பிள்ளை நாள்தோறும் எந்தப் பாலத்தின்மேல், எந்தச் சுரங்கப்பாதையிலே போகும்? சேர்க்குமுன் ஒரு நாள், பள்ளி நேரத்தில், பிள்ளையோடு நடந்து பாருங்கள். பேருந்தென்றால் இலவச அட்டை உண்டு. பதினொன்றில் மிதிவண்டியும் தருவார்கள்.

நான்கு: மாற்றுச் சான்றிதழ். கையிலே அதுவும், எமிஸ் எண்ணும் இருக்கட்டும். பழைய பள்ளி கணினியிலே பெயரை விடுவித்தால்தான் புதிய பள்ளி ஏற்ற முடியும். "பாக்கி கட்டு, சான்றிதழ் தருகிறோம்" என்று எந்தத் தனியார் பள்ளியாவது சொன்னால் அஞ்ச வேண்டாம். கட்டண பாக்கிக்காகச் சான்றிதழை நிறுத்தக்கூடாது, பாக்கியை அதிலே எழுதவும் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் கூறிவிட்டது. எட்டாம் வகுப்பு வரையிலோ, சான்றிதழ் வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே கூறுகிறது.

"அப்படியானால் அரசுப் பள்ளியிலே குறையே இல்லையா?" என்று கேட்பர். இருக்கிறது, தோழர்களே! மூடி மறைப்பது நம் வேலையன்று. ஆசிரியர் இடம் காலியாகக் கிடக்கும் பள்ளி உண்டு. தண்ணீர் வராத கழிப்பறை உண்டு. அதற்காகவே வயதுக்கு வந்த பெண் பள்ளிக்குப் போகத் தயங்குவதும் உண்டு. சேர்க்கச் செல்லும் தாய், கழிப்பறையைப் பார்த்துவிட்டே திரும்பட்டும். தவறில்லை.

ஆனால் ஒன்று கேட்போம். அந்தக் கழிப்பறைக்கு யார் தண்ணீர் கேட்பது? பேசத் தெரிந்தவன், மனு எழுதத் தெரிந்தவன், அதிகாரியின் முகத்துக்கு நேரே நிற்கத் தெரிந்தவன் எல்லாம் தன் பிள்ளையை வேறு பள்ளிக்கு அழைத்துப் போய்விட்டால், மிஞ்சியிருக்கும் ஏழைத் தாய்க்காக யார் கேட்பது? மேடையிலே தியாகராயரைப் பேசுகிறோம், காமராசரைப் பேசுகிறோம், கைதட்டு வாங்குகிறோம். காலையிலே நம் வீட்டு வாசலிலே மஞ்சள் நிற வேன் வந்து நின்று ஒலி எழுப்புகிறதே! மேடையில் ஒரு நாக்கு, வீட்டில் ஒரு நாக்கா? இது பிறரைச் சுடச் சொன்ன சொல்லல்ல. நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

பள்ளிதோறும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அங்கே தோழர்கள் போய் உட்காருகிறார்களா? 2021இல், ஐந்து நகராட்சியும் ஐந்து பேரூராட்சியும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று, வார்டுகள் 70. வார்டு ஒன்றுக்கு இரண்டு தோழர், மாதம் ஒரு மாலை, பள்ளியிலே போய் என்ன குறை என்று கேட்டால் போதும். புதிதாக வந்திறங்கும் குடும்பத்துக்கு எந்தப் பள்ளி, எந்தப் பிரிவு, எந்தச் சான்றிதழ் என்று படிப்பகத்திலே சொல்ல ஒருவர் இருந்தால் போதும். கொடி கட்டுவதைவிடக் குறைந்த செலவு!

அந்தத் திண்டிவனத்துத் தோழர் என்ன செய்தார்? அடகுக்கடைக்குப் போகவில்லை, மகனை அரசு மேல்நிலைப்பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில், தமிழ்வழியிலே சேர்த்தார். எல்லாம் இனிதே நடந்தது என்று கதை கட்ட மாட்டோம். முதல் பருவம் முழுவதும் கணக்கு ஆசிரியர் இல்லை. தோழர் வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டு, மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனார், பேசினார், தீர்மானத்திலே கையெழுத்திட்டார். அவர் வாழ்விலே கையெழுத்திட்ட முதல் தீர்மானம் அது! இரண்டாம் பருவத்தில் ஆசிரியர் வந்தார்.

பையனைச் சென்ற மாதம் பார்த்தோம். "சிரித்தார்களா?" என்று கேட்டோம்.

"ரெண்டு நாள் சிரிச்சாங்கண்ணே. மூணாவது நாள் கபடிக்கு ஆள் குறைஞ்சுது, கூப்பிட்டுக்கிட்டாங்க" என்றான். நிமிர்ந்து பார்த்துத்தான் சொன்னான்.

அந்த நிமிர்வுக்குத்தான் நம் முன்னோர் போராடினார்கள். பிழைப்புக்காக ஊர் மாறுவோம், தோழர்களே. பிள்ளையின் உரிமையை மட்டும் வழியிலே தவறவிடாமல் கொண்டுவந்து சேர்ப்போம்!