எழுத்துப் பலகை போதாது

நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை இலவச உடல் பரிசோதனை என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் இதுவும் ஓர் அம்சம். அந்தத் தொகுப்புகளில் தொழிற்சங்கங்கள் எதிர்க்கும் விஷயங்கள் பல உண்டு. அந்த வழக்கு தனி. இந்த ஓர் அம்சத்தை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் என்ன பரிசோதனை? எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லி, "நார்மல்" என்று முத்திரை குத்தி அனுப்புவதா? அப்படியானால் ஒரு வியாதி மனிதனின் கண்ணையும் சிறுநீரகத்தையும் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் சட்டைப் பையில் "நார்மல்" சீட்டு இருக்கும்.

சர்க்கரை வியாதியைத்தான் சொல்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பின் முடிவு 2023-ம் ஆண்டில் வெளிவந்தது. அதன்படி 10 கோடியே 10 லட்சம் இந்தியர்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ரத்தக் கொதிப்பு. சென்னை நகரில் நடத்தப்பட்டு 2005-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களில் 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரையில் கோளாறு காணப்பட்டது. அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு.

கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒன்று முகத்தில் இருக்கிறது, மற்றது முதுகுப் பக்கம் விலாவின் அடியில் இருக்கிறது. ஆனால் இரண்டும் மயிரிழையினும் மெல்லிய ரத்தக் குழாய்களை நம்பிப் பிழைப்பவை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொரு வடிகட்டியும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் ஒரு சுருள். கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரைக்கும் அதே மாதிரிக் குழாய்கள்தான் ரத்தம் கொண்டுவருகின்றன. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வருஷக்கணக்கில் ஏறியே இருந்தால் இந்தக் குழாய்களின் சுவர் கெட்டுப்போகிறது. சிறுநீரகத்தில் கெட்டால், உடம்பில் தங்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் சிறுநீரோடு வெளியேறுகிறது. கண்ணில் கெட்டால், விழித்திரையில் நீரும் ரத்தமும் கசிகின்றன.

1851-ம் ஆண்டில் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், கண்ணுக்குள் பார்க்கும் கருவியை வெளியிட்டார். உயிருள்ள மனிதனின் சிறு ரத்தக் குழாய்களைக் கத்தி வைக்காமல் பார்க்க முடிகிற இடம் கண் என்பது அப்போது தெரிந்தது. இன்றும் சர்க்கரை நோயாளியின் சிறுநீரில் புரதம் போனால், டாக்டர் கண்ணையும் பார்க்கச் சொல்கிறார். விழித்திரையும் கெட்டிருந்தால் சிறுநீரகக் கோளாறுக்குச் சர்க்கரையே காரணம் என்ற சந்தேகம் வலுக்கிறது. விழித்திரை சுத்தமாக இருந்தால் வேறு சிறுநீரக வியாதி உண்டா என்றும் தேடுகிறார். ஒன்று மற்றதற்குச் சாட்சி.

இந்தச் சாட்சிகள் இரண்டும் வாய் திறவாத சாட்சிகள் என்பதுதான் ஆபத்து. வலி இல்லை. எரிச்சல் இல்லை. பலகையின் கடைசி வரியைத் தடங்கலின்றி வாசிப்பவரின் விழித்திரையிலும் கெட்ட குழாய்கள் புதிதாக முளைத்திருக்கலாம். ஒரு நாள் அவை உடைந்து கண்ணுக்குள் ரத்தம் பரவும்போதுதான் கண்ணின் முன் கறுப்புத் திரை விழுந்தது போல் தெரியும். ரயில்வேயில் டிரைவருக்கு ஒரு வகை, குமாஸ்தாவுக்கு ஒரு வகை என்று ஏ-1 முதல் சி-2 வரை தகுதிப் பிரிவுகள் உண்டு. தூரத்துச் சிக்னல் தெரிகிறதா, சிவப்பும் பச்சையும் தெரிகிறதா என்று பார்க்க அது அருமையான ஏற்பாடு. அதன் நோக்கம் வேறு. விழித்திரையின் கதையை எழுத்துப் பலகை சொல்லாது.

சிறுநீரகமும் இப்படித்தான். ரத்தத்தில் கிரியேட்டினின் கூடிவிட்டது என்று லேபரட்டரி சீட்டு சொல்லும் நேரத்தில் சிறுநீரகத்தின் பாதி வேலை போயிருக்கக்கூடும். சிறுநீரில் குச்சியை நனைத்துப் பார்க்கும் சாதாரணப் பரிசோதனையில் தொடக்கக் கால அல்புமின் தப்பிவிடும். அல்புமினையும் கிரியேட்டினினையும் ஒப்பிட்டுக் கணக்கிடும் பரிசோதனை தனியாக இருக்கிறது. அதில் 30-க்கு மேல் வந்தால் எச்சரிக்கை. காய்ச்சல் இருந்தாலும் கடும் உழைப்புக்குப் பிறகும் எண் ஏறலாம். ஆகவே ஒரு முறை பார்த்துப் பதறாமல், சில மாதங்களில் மீண்டும் பார்த்து உறுதி செய்வார்கள்.

முன்கூட்டிக் கண்டுபிடித்து என்ன பயன், வருவது வந்தே தீரும் என்று சொல்பவர்கள் நம்மில் உண்டு. கடந்த ஐம்பது ஆண்டுகளின் மருத்துவ ஆராய்ச்சி இந்தப் பேச்சைத்தான் பொய்யாக்கியிருக்கிறது. ஆராய்ச்சி என்றதும் எலியும் முயலும் நினைவுக்கு வரும். இங்கே நாம் சொல்வது நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புதிய சிகிச்சை, மற்றதற்கு வழக்கமான சிகிச்சை என்று கொடுத்து, வருஷக்கணக்கில் பேரேடு எழுதிக் கூட்டிப் பார்க்கும் ஆராய்ச்சி. குமாஸ்தாக்களுக்கு எளிதில் புரியக்கூடிய வேலை.

அவற்றில் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விழித்திரை முற்றிக் கெட்ட 1,700-க்கு மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளைச் சேர்த்தார்கள். ஒளிக்கற்றையால் விழித்திரையைச் சுடும் சிகிச்சை அப்போது புதிது. சுடுவது நல்லதா கெடுதலா என்று டாக்டர்களுக்குள்ளேயே தகராறு. ஆகவே ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கண்ணில் மட்டும் சிகிச்சை. எந்தக் கண் என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. மற்றக் கண் சும்மா விடப்பட்டது. அதே மனிதன், அதே ரத்தம், அதே சாப்பாடு, அதே சர்க்கரை. வித்தியாசம் சிகிச்சை ஒன்றுதான். இதைவிட நேர்மையான தராசு கிடைக்குமா? 1976-ம் ஆண்டில் கணக்குப் பார்த்தபோது, கடுமையான பார்வை இழப்பு சிகிச்சை பெற்ற கண்களில் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. அதற்கு மேலும் மற்றக் கண்ணைச் சும்மா விடுவது நியாயமல்ல என்று, ஆராய்ச்சி முடியும் முன்பே விதியை மாற்றி அந்தக் கண்களுக்கும் சிகிச்சைக்கு வழி செய்தார்கள். அதே 1976-ம் ஆண்டில்தான் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1993-ம் ஆண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு வந்தது. இன்சுலின் போட்டே தீர வேண்டிய வகை நோயாளிகள் அவர்கள். சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களில், அதுவரை கண் கெடாதிருந்தவர்களுக்குக் கண் கோளாறு புதிதாக வருவது 76 சதவீதம் குறைந்தது. சிறுநீரில் புரதம் போவதும் நன்றாகக் குறைந்தது. 1998-ம் ஆண்டில் பிரிட்டனின் பெரிய ஆராய்ச்சி, நம்மில் பெரும்பாலோருக்கு வரும் வகைச் சர்க்கரையைப் பற்றி அதையே சொன்னது. ரத்த அழுத்தத்தையும் இறுக்கிப் பிடித்தால் சிறு ரத்தக் குழாய்களின் கேடு 37 சதவீதம் குறையும் என்பதையும் அது காட்டியது. வெள்ளைக்காரர்களுக்குச் சரி, நமக்குப் பொருந்துமா என்று கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பிரிட்டிஷ் ஆராய்ச்சியில் பத்துப் பேரில் ஒருவர் இந்திய வம்சாவளியினர்.

சிறுநீரகத்துக்கென்று பார்த்தால், 1993-ம் ஆண்டிலேயே காப்டோப்ரில் மாத்திரை 409 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. மரணம், டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகிய மூன்றும் சேர்ந்த அபாயம் பாதியாகக் குறைந்தது. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததிலிருந்து பிறந்த மருந்து அது. பாம்புக்கும் நன்றி சொல்ல வேண்டிய காலம். இன்று கிடைக்கும் எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் அதன் தம்பிகள். 2019, 2020-ம் ஆண்டுகளில் கானாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் சிறுநீரகத்தைக் காப்பதும் நிரூபணமானது. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் முடிந்ததால் பல கம்பெனிகள் தயாரித்து, விலை இறங்கிவிட்டது. இவற்றை யாரும் பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு ஆகாதவை இவற்றில் உண்டு. உப்புச் சத்தும் கிரியேட்டினினும் பார்த்துக் கொடுக்க வேண்டியவையும் உண்டு. இடையில் ஒரு வார்த்தை: மூட்டை தூக்கி இடுப்பு வலிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் தினமும் வலி மாத்திரை வாங்கி விழுங்குவது, சர்க்கரைக்காரரின் சிறுநீரகத்துக்கு வேட்டு வைக்கிற காரியம்.

ஆக, வழி தெரிந்துவிட்டது, மருந்தும் மலிந்துவிட்டது. கோளாறைக் கண்டுபிடிக்கும் நாள்தான் தள்ளிப்போகிறது. மும்பையில் நம்மவர் நிலையை எண்ணிப் பாருங்கள். தாராவியில் தோல் பட்டறை, தையல் கடை, இட்லி வியாபாரம். செம்பூர், ஆண்டாப் ஹில் பக்கம் ஆபீஸ் வேலை. பெரிய ஆஸ்பத்திரியில் கேஸ் பேப்பர் எடுத்து வரிசையில் நிற்க ஒரு நாள் போகிறது. கண் பிரிவுக்கு ஒரு நாள், சிறுநீரகப் பிரிவுக்கு மறு நாள் என்றால் இரண்டு நாள் கூலி போகிறது. கண்ணில் மருந்து விட்டுப் பாப்பாவை விரித்தால் சில மணி நேரத்துக்குப் பார்வை மங்கலாக இருக்கும். அன்று ஊசியில் நூல் கோக்க முடியாது, கணக்குப் புத்தகமும் பார்க்க முடியாது.

பாஷையும் ஒரு தடை. இந்தியில் விழித்திரையை "பர்தா" என்பார்கள். "ஆங்க் கா பர்தா செக் கராவோ" என்று டாக்டர் சொன்னால், நம் அம்மாக்கள் ஜன்னல் திரையை நினைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். மூக்குக் கண்ணாடிக் கடையில் பவர் பார்த்ததையே கண் பரிசோதனை என்று எண்ணிக்கொள்கிறவர்களும் ஏராளம்.

தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நமக்கோ வீடு அங்கே, ஆள் இங்கே. மே மாதம் ஊருக்குப் போகும்போது பாளையங்கோட்டையில் ஒரு பரிசோதனை, திரும்பி வந்து இங்கே ஒரு பரிசோதனை. அந்தச் சீட்டு இந்த டாக்டரிடம் இல்லை, இந்தச் சீட்டு அந்த டாக்டரிடம் இல்லை. டிக்கெட்டைப் பத்திரமாக வைப்பதுபோல் இந்தச் சீட்டுகளையும் ஒரே உறையில் போட்டுப் பெட்டியில் கொண்டுபோகும் பழக்கம் வேண்டும்.

சிறுநீரகம் கைவிட்ட பிறகு அரசு உதவாமல் இல்லை. 2016-ம் ஆண்டில் தேசிய டயாலிசிஸ் திட்டம் வந்தது. 2018-ம் ஆண்டில் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டு அட்டையை வேறு மாநிலங்களிலும் காட்டலாம். ஆனால் அந்தக் காப்பீடு ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கும் டயாலிசிசுக்கும்தான் உதவும். வெளிநோயாளியாகப் போய்ச் செய்யும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனைக்கு உதவாது. டயாலிசிஸ் என்றால் வழக்கமாக வாரத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். தினக்கூலிக்காரருக்கு அதோடு வேலை முடிந்தது. குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு ரயில் ஏறுகிறது. சிறுநீரகம் அழிந்த பிறகு லட்சக்கணக்கில் செலவழிக்கத் தயாராக இருக்கும் அரசு, அழியும் முன் சில நூறு ரூபாயைச் செலவிடத் தயங்குவது என்ன கணக்கு?

ஆகவே நாம் கேட்பது இதுதான். நாற்பது வயதுப் பரிசோதனைக்கான விதிகளில், சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ள ஒவ்வொருவருக்கும் சிறுநீர் அல்புமின் கணக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கு விழித்திரைப் படமும் கட்டாயம் என்று எழுத வேண்டும். பாப்பாவை விரிக்காமலே விழித்திரையைப் படம் எடுக்கும் கேமராக்கள் இப்போது உள்ளன. படத்தைக் கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லும் முறைக்கு மதுரை அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் எடுத்த படங்கள் பயன்பட்டு, முடிவு 2016-ம் ஆண்டிலேயே வெளியாகிவிட்டது. இரண்டு பரிசோதனையையும் ஒரே காலையில் முடிக்க வேண்டும். அந்த அரை நாளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. பொங்கலுக்குக் கண்புரை முகாமும் இலவசக் கண்ணாடியும் நடத்தும் நம் தமிழ்ச் சங்கங்கள், அதே பந்தலில் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் ஒரு மேஜை போடலாம்.

இதில் விட்டுப்போகிறவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். விடியுமுன் எழுந்து இட்லி அவிக்கும் தாராவிப் பெண்களுக்கு முதலாளி இல்லை. சைக்கிளில் அதை விற்கப் போகும் ஆண்களுக்கும் இல்லை. முதலாளி இல்லாதவர்களை இந்த விதி தொடாது. அவர்களுக்கு மும்பை மாநகராட்சிதான் கதி. மாலையிலும் இரவிலும் ஏழைகள் வந்துபோகும் வகையில் 2022-ம் ஆண்டில் மாநகராட்சி தொடங்கிய "ஆப்லா தவாகானா" மருந்தகங்களில், நம்மவர் நெருங்கி வாழும் வட்டாரங்களிலாவது ஒரு விழித்திரைக் கேமராவை வைக்கும்படி கமிஷனரைக் கேட்டுக்கொள்கிறோம். வட்டாரத் தமிழ் அமைப்புகள் கையெழுத்து வாங்கி இந்தக் கோரிக்கையை வார்டு ஆபீசில் கொடுக்கட்டும்.