பகைவரின் பரிமாற்றமும் நம் பரண் பெட்டிகளும்

அயலார் பண்பாட்டோடு உறவாடினால் ஈமான் தேய்ந்துவிடும் என்று சொல்வோர் நம் புதுச்சேரியிலும் உளர். நன்னோக்கோடு சொல்லப்படினும் அக்கூற்று வரலாற்றின் முன் நில்லாது.

அமெரிக்கரையும் ரஷ்யரையும் பாருங்கள். ஒருவரையொருவர் அழிக்க அணுகுண்டுகளைக் குவித்த அவ்விரு வல்லரசுகளே, 1958 ஜனவரி 27இல் வாஷிங்டனில் பண்பாட்டுப் பரிமாற்ற உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. மறு ஆண்டிலேயே நியூயார்க்கில் சோவியத் பொருட்காட்சியும் மாஸ்கோவில் அமெரிக்கப் பொருட்காட்சியும் நடைபெற்றன. 1962 அக்டோபரில் கியூபா நெருக்கடியால் உலகமே நடுங்கியபோதும், மாஸ்கோவின் பல்ஷோய் நடனக் குழு அமெரிக்காவிலும், நியூயார்க் நகர நடனக் குழு ரஷ்யாவிலும் மேடையேறிக் கொண்டிருந்தன. கொடுத்ததற்கு ஈடாகப் பெறுவது என்பதே அவர்தம் கணக்கு.

"அதனாலன்றோ 1991இல் சோவியத் ஆட்சி சரிந்தது?" என்பர். வெளிக்காற்றுப் பட்டதும் விழும் சுவர், முன்பே உப்பு அரித்த சுவர்தான். கிரேக்க நூல்களை அறபியில் பெயர்த்த பக்தாத் நகரம் இஸ்லாத்தை இழந்ததா? அப்பணியில் முன்னின்ற ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர் என்பதையும் மறவாதீர்கள்.

அவ்விரு நாட்டாரின் போட்டி தமிழையும் தொட்டது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் ருஷ்ய நூல்களைத் தமிழில் அச்சிட்டு மலிவு விலையில் அனுப்பியது. அங்கே அலெக்சாந்தர் துப்யான்ஸ்கி பல்லாண்டுகள் தமிழ் போதித்தார். அமெரிக்காவிலோ, சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலமாக்கி 1967இல் நூலாக்கினார்.

இக்கொடுக்கல் வாங்கலில் தமிழ் முஸ்லிம்களாகிய நாம் கொடுத்தது என்ன? நம் ஊரில் 1955இல் தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சைவச் சுவடிகளைத் தேடித் திரட்டியது. புதுச்சேரியின் அச்சுவடித் தொகுதி 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. சுவடி வைத்திருந்தோர் மனமுவந்து திறந்து காட்டியதாலன்றோ இது கைகூடிற்று? நம் பாட்டிமார் ஓதிய அறபுத்தமிழ்க் கிதாபுகளோ பரணில் கிடந்து மட்குகின்றன. கேட்டால், "அந்நியர் கையில் கொடுப்பதா?" என்கிறோம். கரையான் மட்டும் நமக்கு உறவா?

பரணிலுள்ள பெட்டிகளை இறக்குங்கள். கிதாபின் பெயர், எழுதியவர் பெயர், ஹிஜ்ரி ஆண்டு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு பட்டியல் தயாரிக்கட்டும். படியெடுக்க வருவோர் எம்மதத்தவராயினும், எந்நாட்டவராயினும் அவர்க்கு வாயில் திறக்கட்டும். கொடுப்பதற்கு ஒன்றை வைத்திருப்பவன் அயலாரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.