கணக்கு இருவர் கண்ணிலும் படட்டும்

ஒரு காலத்தில் வெள்ளவத்தையில் நூற்றல், நெசவு ஆலை இருந்தது. நூலும் துணியும் ஒரே மதிலுக்குள் உருவாகின. இன்று அப்படியல்ல. கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கும் ஒருவர் பெருநாளைக்கு 500 அபாயா தைக்க நினைத்தால், துணியைப் புறக்கோட்டையில் வாங்குகிறார். வெட்டுவது ஓரிடம், தைப்பது இன்னோரிடம், எம்ப்ரொய்டரி வேறோரிடம். தொழிற்சாலை இல்லாமலே அவர் உற்பத்தியாளராகி விடுகிறார். ஒப்பந்த உற்பத்தி என்பது இதுதான். நம்மவர்களுக்கு இது புதிதல்ல.

சிக்கல் எங்கே வருகிறது? எத்தனை மீற்றர் துணி கொடுத்தோம், எத்தனை உருப்படி திரும்பி வந்தது, எத்தனை பழுது, எந்தத் திகதி என்று பேசினோம், எவ்வளவு பணம் கொடுத்தோம் என்பதெல்லாம் அவரவர் கொப்பியில் வேறு வேறாக இருக்கிறது. மீதி வட்ஸ்அப் குரல் பதிவுகளில் புதைந்து கிடக்கிறது. பெருநாளைக்கு பத்து நாள் இருக்கையில் 60 உருப்படி குறைந்தால் வாக்குவாதம்தான். பத்து வருடப் பழக்கம் ஒரே நாளில் முறிந்து விடுகிறது.

பெரிய கம்பனிகள் இதற்கு வழி கண்டன. அமெரிக்காவின் ட்ரேட்கார்ட் என்ற வலையமைப்பு, ஓடர், பொதிப் பட்டியல், விலைப்பட்டியல் மூன்றையும் கணனியில் ஒப்பிட்டுப் பார்த்தது. மூன்றும் பொருந்தினால் பணம் கொடுக்கும் வேலை தொடங்கும். வாங்குபவர், ஆலைக்காரர், வங்கி எல்லோரும் ஒரே பதிவைப் பார்த்தார்கள். 2013இல் அது ஜீ.ரி. நெக்ஸஸ் என்ற இன்னொரு வலையமைப்புடன் இணைந்தது.

நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் கூகுள் அட்டவணை ஒன்று போதும். ஒவ்வொரு ஓடருக்கும் ஓர் இலக்கம். கொடுத்த துணி, ஒப்புக்கொண்ட திகதி, வந்த உருப்படி, கொடுத்த பணம் என நான்கு நிரல்கள். இருவரும் திறந்து பார்க்கலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதும் அதிலேயே பதிவாகும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம், இத்தகைய பதிவுகளுக்கும் ஒப்பந்தங்களுக்கும் நமது நாட்டில் சட்ட அங்கீகாரம் தருகிறது.

மார்க்கம் இதை எப்போதோ சொல்லிவிட்டது. குர்ஆனின் மிக நீளமான வசனம், சூரா பகராவின் 282ஆவது வசனம், தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். சிறிய தொகை என்று அலட்சியம் செய்யவும் அது இடம் தரவில்லை. செய்வித்து வாங்கும் ஒப்பந்தத்துக்கு ஃபிக்ஹில் 'இஸ்திஸ்னா' என்ற பெயரே உண்டு. ஹனபி மத்ஹபின்படி, மூலப்பொருளும் வேலையும் செய்பவருடையதானால் அது இஸ்திஸ்னா. துணியை நாமே கொடுத்துத் தைப்பித்தால் அது கூலி ஒப்பந்தம். ஆகவே நாம் கொடுத்த துணி தையல்காரரிடம் அமானிதம். அவருடைய கூலி நம்மீது கடன்.

"கணக்கைத் திறந்து காட்டினால் என் விலை தெரிந்துவிடும், தைப்பவர் என் வாடிக்கையாளரிடம் நேரே போய்விடுவார்" என்று சிலர் பயப்படுகிறார்கள். விற்கும் விலையைக் காட்டத் தேவையில்லை, வேலையைக் காட்டினால் போதும். நடுவில் நிற்பவருக்கு ஆபத்து இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 1906இல் சீனாவின் கன்டனில் தொடங்கி, பிறருடைய ஆலைகளை இணைத்தே உலகளவில் வளர்ந்த ஹொங்கொங் கம்பனி லீ அண்ட் ஃபங். வாங்குவோர் ஆலைகளை நேரடியாக அணுகத் தொடங்கியபோது அதுவும் தளர்ந்தது. 2020இல் பங்குச் சந்தையிலிருந்தும் விலகியது. முகவரியை மறைத்து வைப்பதால் மட்டும் வியாபாரம் நிலைக்காது. நல்ல டிசைன், நல்ல துணி, நேரத்துக்குப் பணம் ஆகியவற்றைத் தருபவரை விட்டு யாரும் எளிதில் போவதில்லை.

உண்மையான தயக்கம் வேறு என்றே நினைக்கிறேன். பொதுவான பதிவு இருந்தால், தைப்பவரின் தாமதம் மட்டுமல்ல, நமது தாமதமும் தெரியும். பெருநாள் வியாபாரம் முடிந்தும் கூலியை இழுத்தடிப்பது நம்மிடையே இல்லையா? அந்தக் கூலிக்காக மெஷின் முன்னால் இரவிரவாக இருந்த பெண்கள் எத்தனை பேர்? வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் (ஸல்) உம்மத் நாம்.

அடுத்த ஓடரை ஒருவருடனாவது இப்படித் தொடங்கிப் பாருங்கள். பணம் கொடுத்த திகதிக்கான நிரலை முதலில் நீங்களே நிரப்புங்கள். இன்ஷா அல்லாஹ், பரக்கத் அங்கிருந்தே தொடங்கும்.