நற்பெயரா, சிறுவர் பாதுகாப்பா?

அமெரிக்கச் சாரணர் இயக்கத்தில் சிறுவர்களுக்கு இழைக்கப்பட்ட பாலியல் துஷ்பிரயோகங்களை, 2023 செப்டெம்பரில் நெட்பிளிக்ஸில் வெளியான 'ஸ்கவுட்ஸ் ஹானர்' ஆவணப்படம் மீண்டும் உலகின் முன் வைத்தது.

அவ்வியக்கம் எதையும் அறியாதிருக்கவில்லை. சந்தேகத்துக்குரியோரின் பெயர்களை இரகசியக் கோவைகளில் பல தசாப்தங்களாகப் பதிந்து வந்தது. ஆனால், பல சந்தர்ப்பங்களில் அத்தகவல் பெற்றோரையோ பொலிஸாரையோ சென்றடையவில்லை. 1,200க்கும் மேற்பட்ட கோவைகள் 2012இல் பகிரங்கமானதும் ஒரேகன் மாநில உச்ச நீதிமன்றத்தின் உத்தரவினாலேயாகும். 2020இல் இயக்கம் வங்குரோத்துப் பாதுகாப்பைக் கோரியதையடுத்து, 82,000க்கும் அதிகமானோர் இழப்பீடு கேட்டு முன்வந்தனர். இணக்கத் தொகை 246 கோடி டொலர். காக்க முனைந்த நற்பெயரும் எஞ்சவில்லை.

இது நமக்குத் தொலைதூரச் செய்தியன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தனியார் வகுப்புகள், விளையாட்டுக் கழகங்கள், அறநெறிப் பாடசாலைகள் என்பவற்றை நம்பியே பெற்றோர் பிள்ளைகளை அனுப்புகின்றனர். அங்கு தவறு நேரும்போது, "நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும்", "குடும்ப மானம் போய்விடும்" என்ற குரல்களே முதலில் எழுகின்றன. குற்றவாளிக்கு அரணாவது இந்த மௌனமே.

1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவாக்கப்பட்டது. 1929 என்ற அவசரத் தொலைபேசி இலக்கமும் உண்டு. முறைப்பாடுகளை நிர்வாகக் குழுக்கள் தமக்குள் விசாரித்து முடித்துவிடலாகாது. உடனடியாகப் பொலிஸாரிடமோ அதிகார சபையிடமோ ஒப்படைக்க வேண்டும். தன் பெயரைக் காப்பதற்காகப் பிள்ளையைக் கைவிடும் நிறுவனம், பெற்றோரின் நம்பிக்கைக்கு உரித்துடையதல்ல.