ஒற்றுமை என்ற பூட்டு

அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சிக்குள் 2018லிருந்து ஒரு கூப்பாடு ஓயாமல் கேட்கிறது: ‘ஐயோ, கட்சியை உடைக்கிறார்களே!’ யார் உடைக்கிறார்களாம்? தொழிற்சங்கத்துக்கு எதிராக ஓட்டுப்போட்டு, பத்துத் தடவை ஜெயித்து, நாற்காலியோடு ஒட்டிப்போன எம்.பி.யா? அவர் கட்சியின் தூணாம். அவரை எதிர்த்து நிற்கிற போட்டி வேட்பாளருக்கு ‘என் ஆதரவு இவருக்கே’ என்று வாய்திறந்து சொன்ன பெண்தான் உடைக்கிறாளாம்!

அமெரிக்கக்காரன் கட்சிச் சண்டை நமக்கெதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். ஒடுக்கப்பட்டவர்கள் பெயரில் நிற்கிற ஆளைப் பொறுக்குகிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் அந்தச் சண்டையின் உள்ளே கிடக்கிற கேள்வி. இதை 1932லிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் நாம்.

முதலில் அங்கே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் வேட்பாளர் பட்டியல் தலைவர் சட்டைப் பையிலிருந்து வரும். அங்கே அப்படியில்லை. பொதுத்தேர்தலுக்கு முன்னால் ஒவ்வொரு கட்சிக்கும் தனியாக ஓட்டுப்பதிவு நடக்கும். ‘பிரைமரி’ என்பார்கள், தமிழில் பூர்வாங்கத் தேர்தல். பதவியிலிருக்கிற எம்.பி.யையும் சொந்தக் கட்சிக்காரரே எதிர்த்து நிற்கலாம். சட்டப்படி அது உரிமை. ஆனால் மேலே இருக்கிறவர்கள் கணக்கில் அது துரோகம். சட்டத்துக்கும் மேலிடத்துக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியில்தான் சண்டை.

2018 ஜூன் 26 அன்று நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் என்கிற 28 வயதுப் பெண், ஜோ கிரவ்லியைத் தோற்கடித்தார். போர்ட்டோ ரிக்கோ வம்சாவளி. மதுக்கூடத்தில் பரிமாறி வயிறு வளர்த்தவர். கிரவ்லியோ பத்துமுறை வென்றவர், கட்சியின் பிரதிநிதிகள் சபைத் தலைமையில் நான்காவது ஆள். ஜெயித்தவர் ‘நமக்கு ஓரிடம் கிடைத்தது, போதும்’ என்று அடங்கிவிடவில்லை. சூட்டோடு சூடாக மற்ற ஊர்களின் போட்டி வேட்பாளர்களுக்கும் ஆதரவு சொன்னார். பாஸ்டனில் அயான்னா பிரெஸ்லி, செயின்ட் லூயிசில் கோரி புஷ் - இருவரும் கறுப்பினப் பெண்கள்.

மேலிடம் என்ன செய்தது? 2019 மார்ச்சில் கட்சியின் சபைத் தேர்தல் குழு ஓர் உத்தரவு போட்டது. பதவியிலிருக்கிற எம்.பி.யை எதிர்த்து நிற்கிறவருக்கு வேலை செய்கிற ஆலோசகர், கருத்துக்கணிப்புக்காரர், விளம்பரக்காரர் யாருக்கும் இனிமேல் கட்சி வேலை கிடையாது. நம்ம பாஷையில் சொன்னால் ஊர்விலக்கு. அவனுக்கு முடி வெட்டாதே, துணி வெளுக்காதே என்று ஊர்க்கூட்டத்தில் சொல்வார்களே, அதேதான். அங்கே கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பினார்கள். ஒகாசியோ-கோர்டெஸ், அந்தக் குழுவுக்கு நன்கொடை தருவதை நிறுத்துங்கள், வேட்பாளர்களுக்கு நேரடியாகக் கொடுங்கள் என்றார். உடனே அவர் பிளவுவாதி! விலக்கு வைத்தவர்கள் ஒற்றுமைவாதிகள்! 2021இல்தான் அந்த உத்தரவைக் கைவிட்டார்கள்.

இந்த ‘ஒற்றுமை’ யாரைக் காப்பாற்றியது என்று பார்ப்போம். டெக்சாஸ் எல்லைப்புறத் தொகுதியில் ஹென்றி குவேயர். தொழிலாளர் சங்க உரிமைச் சட்டத்துக்கு 2021 மார்ச்சில் எதிர்த்து ஓட்டுப்போட்ட ஒரே ஜனநாயகக் கட்சிக்காரர். அதே வருடம் செப்டம்பரில் கருக்கலைப்பு உரிமையைக் காக்கும் மசோதாவை எதிர்த்த ஒரே ஜனநாயகக் கட்சிக்காரரும் அவர்தான். அவரை எதிர்த்து ஜெசிகா சிஸ்னெரோஸ் என்கிற இளம் வழக்கறிஞர் 2020இல் நின்றார், தோற்றார். 2022இல் திரும்ப நின்றார். இரண்டு தடவையும் ஒகாசியோ-கோர்டெஸ் அவர் பக்கம். சபாநாயகர் நான்சி பெலோசி குவேயர் பக்கம். கருக்கலைப்பு உரிமை பறிபோகப் போகிறது என்று உச்சநீதிமன்ற வரைவுத் தீர்ப்பு வெளியே கசிந்த அதே 2022 மே மாதத்தில் கட்சி மேலிடம் குவேயருக்காக ஓட்டுக் கேட்டது. மறு எண்ணிக்கைக்குப் பிறகு சிஸ்னெரோஸ் தோற்றது வெறும் 289 ஓட்டில்! 2024இல் குவேயர்மீது லஞ்ச வழக்குப் பதிவானது. 2025 டிசம்பரில் அவருக்கு மன்னிப்பு வழங்கியவர் எதிர்க்கட்சிக்காரரான டிரம்ப். தூண் எந்த வீட்டைத் தாங்கியது, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒற்றுமை கீழே இருக்கிறவனுக்கு மட்டும் போதிக்கப்படுகிற பாடம். மேலே இருக்கிறவனுக்கு அது கட்டாயமில்லை. 2022இல் தொகுதி எல்லை மாறியபோது, கட்சியின் சபைத் தேர்தல் குழுத் தலைவர் ஷான் பேட்ரிக் மலோனி, மாண்டேர் ஜோன்ஸ் என்கிற கறுப்பின எம்.பி.யின் பழைய பகுதி பெரும்பாலும் அடங்கிய தொகுதியில் துண்டைப் போட்டு உட்கார்ந்தார். ஜோன்ஸ் வேறு தொகுதிக்குப் போய்த் தோற்றார். மலோனியை எதிர்த்து நின்ற அலெசாண்ட்ரா பியாஜிக்கு ஒகாசியோ-கோர்டெஸ் ஆதரவு தந்தார். உடனே பழைய கூச்சல். பூர்வாங்கத் தேர்தலில் மலோனி ஜெயித்தார். நவம்பரில் குடியரசுக் கட்சியிடம் தொகுதியையே இழந்தார். 2025இல் நியூயார்க் மேயர் பதவிக்கான பூர்வாங்கத் தேர்தலில் சோரான் மம்தானி முறைப்படி ஜெயித்தார். தோற்ற ஆண்ட்ரூ கோமோ கட்சிக்கு வெளியே நின்று மறுபடி போட்டியிட்டார். கட்சியின் சபைத் தலைவர் ஹக்கீம் ஜெஃப்ரிஸ் மம்தானிக்கு ஆதரவு சொல்ல அக்டோபர் கடைசி ஆயிற்று. செனட் தலைவர் சக் ஷூமர் கடைசிவரை சொல்லவே இல்லை. அப்போது எங்கே போனது கட்சிக் கட்டுப்பாடு?

இனி நமக்குக் கசப்பான இடத்துக்கு வருகிறேன். பாஸ்டனில் பிரெஸ்லி எதிர்த்து நின்றது மைக்கேல் கபுவானோ என்கிற வெள்ளையரை. கறுப்பின எம்.பி.க்கள் அமைப்பின் தேர்தல் நிதிக்குழு யாரை ஆதரித்தது? கபுவானோவை! செல்மா பாலத்தில் மண்டை உடைபட்ட ஜான் லூயிசும் கபுவானோ பக்கமே நின்றார். 2018 செப்டம்பரில் பிரெஸ்லி ஜெயித்து, மாசசூசெட்சிலிருந்து காங்கிரசுக்குப் போன முதல் கறுப்பினப் பெண் ஆனார். செயின்ட் லூயிசில் இன்னும் சிக்கல். பில் கிளே, அவருக்குப்பின் மகன் லேசி கிளே என்று 1969லிருந்து அந்தத் தொகுதி கறுப்பினக் குடும்பம் ஒன்றின் கையில். அப்பா 1971இல் கறுப்பின எம்.பி.க்கள் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஃபெர்கூசன் தெருப் போராட்டத்திலிருந்து வந்த செவிலியர் கோரி புஷ், மகனை எதிர்த்து 2018இல் தோற்று, 2020இல் ஜெயித்தார்.

பெரியவர்களை நான் கரித்துக்கொட்டப் போவதில்லை. அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கறுப்பினத்தார் ரத்தம் சிந்திப் பிடித்த இடங்கள் அவை. சபையில் குழுத்தலைமை நீண்டகாலம் இருந்தவர்களுக்கே போகும். இருக்கிற ஆளைக் காத்தால்தான் அதிகாரம் தங்கும் என்று கணக்குப் போட்டார்கள். இன்றைக்குக் கபுவானோவை விட்டால் நாளைக்கு எவனோ பணத்தோடு வந்து நம்ம ஆளைத் தூக்குவான் என்ற பயமும் இருந்தது. பயம் பொய்யில்லை. 2024இல் ஜமால் போமனைத் தோற்கடிக்க இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஐபேக்கின் நிதிக்குழு ஒன்று மட்டும் ஏறத்தாழ 1.45 கோடி டாலர் கொட்டியது. கோரி புஷ்ஷை வீழ்த்த சுமார் 85 லட்சம் டாலர். இருவரும் காசாவில் போரை நிறுத்து என்று முதலில் குரல் கொடுத்தவர்களில் சேர்ந்தவர்கள், இருவரும் தோற்றார்கள். நாம் நுழைந்த வாசல் வழியாகவே பணமூட்டையும் நுழைந்தது.

அதற்காக வாசலை அடைத்துவிடலாமா? பணத்தைக் கட்டு, வாசலைக் கட்டாதே. இருக்கிற ஆளைக் காப்பது வேறு, சனத்தைக் காப்பது வேறு. நம்ம சாதிக்காரன் நாற்காலியில் இருக்கிறான் என்பதற்காகச் சேரிக்காரன் கேள்வி கேட்கக்கூடாது என்றால், அந்த நாற்காலி யாருக்காக?

தோழர்களே, சரித்திரத்தைப் புரட்டுங்கள். தென்மாநிலங்களில் ஜனநாயகக் கட்சிதான் நிரந்தர ஆளும்கட்சியாக இருந்த காலம். பூர்வாங்கத் தேர்தலில் ஜெயித்தவன்தான் கடைசியிலும் ஜெயிப்பான். அந்தப் பூர்வாங்கத் தேர்தலில் கறுப்பினத்தார் ஓட்டுப்போடக் கூடாது என்று டெக்சாஸ் 1923இல் சட்டமே போட்டது. அது செல்லாதென்று நீதிமன்றம் சொன்னதும், கட்சி தன் சொந்த விதியாக அதை வைத்துக்கொண்டது. ஹூஸ்டன் பல் மருத்துவர் லோனி ஸ்மித் தொடுத்த வழக்கில் 1944 ஏப்ரலில்தான் உச்சநீதிமன்றம் அதை உடைத்தது. அதுவரை, வெள்ளைக்காரன் பொறுக்கி முடித்த ஆளுக்குக் கடைசியில் வந்து ஓட்டுப் போடு என்பதே கறுப்பினத்தானின் குடியுரிமை.

அதே வருடங்களில் இங்கே நமக்கு நேர்மாறாகச் செய்தார்கள். 1932 செப்டம்பர் 24, பூனா ஒப்பந்தம். காந்தியின் உண்ணாவிரதம் கழுத்தில் கத்தியாக இருக்க, அம்பேத்கர் தனி வாக்காளர் தொகுதியை விட்டுக்கொடுத்தார். பதிலுக்குக் கிடைத்ததில் ஒன்று பூர்வாங்கத் தேர்தல். தனித்தொகுதி ஒவ்வொன்றிலும் நம் மக்கள் மட்டும் ஓட்டுப்போட்டு நாலு பேரைப் பொறுக்க வேண்டும். அந்த நால்வரில் ஒருவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். மாகாண சபைகளில் 148 இடம், சென்னை மாகாணத்துக்கு 30. டெக்சாசில் முதல் வாசலை அடைத்தான். பூனாவில் கடைசி வாசலைச் சாதி இந்துவின் கையில் கொடுத்தான். சேரி முதலாவதாகப் பொறுக்கிய ஆளை ஒதுக்கிவிட்டு, நாலாவதாக வந்தவனை ஊர்த்தெரு ஜெயிக்க வைக்கலாம். பூர்வாங்கத் தேர்தலின் முடிவைப் பாருங்கள், எங்கள் மக்களின் பிரதிநிதி யார் என்பது அதில் தெரியும் என்று 1946இல் பிரிட்டிஷ் அரசிடம் அம்பேத்கர் வாதாடியது இதனால்தான். யார் கேட்டார்கள்?

1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில், சென்னை மாகாணத்திலிருந்து போன எஸ். நாகப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தனித்தொகுதியில் ஜெயிக்கிறவர், பதிவான தாழ்த்தப்பட்டோர் ஓட்டில் 35 சதவீதமாவது வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். படேல் எதிர்த்தார். திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. புது அரசியல் சட்டத்தில் தனித்தொகுதி தங்கியது. பூர்வாங்கத் தேர்தல் போயே போய்விட்டது. அன்றைக்கும் சொன்ன காரணம் ஒற்றுமைதான், தேச ஒற்றுமை.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நமக்கு 44 தனித்தொகுதிகள். வேட்பாளர் எப்படி வருகிறார்? ஒரு தனித்தொகுதி நேர்காணலுக்கு எங்கள் பக்கத்துத் தோழர்களோடு நானும் போயிருக்கிறேன். விருப்ப மனுவுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டியிருந்தார்கள். கேட்ட முதல் கேள்வி, ‘எவ்வளவு செலவழிப்பீங்க?’ இரண்டாவது, ‘ஊர்த்தெருவுல உங்களுக்கு எதிர்ப்பு ஒண்ணும் இல்லையே?’ சேரியில் உங்களுக்கு ஆதரவு உண்டா என்று ஒருத்தனும் கேட்கவில்லை. வன்கொடுமை வழக்குக்காகக் காவல் நிலைய வாசலில் உட்கார்ந்தவனுக்கு ஊர்த்தெருவில் எதிர்ப்பு இல்லாமல் எப்படி இருக்கும்? ஆகவே அவன் பெயர் அடிபடும். அடிபட்டவன் வாய்திறந்தால் கட்சித் துரோகி.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தை மறக்க முடியுமா? 1996இல் ஊராட்சித் தலைவர் பதவி நமக்கென்று ஒதுக்கப்பட்டபின் 2006வரை நம் ஆள் நிம்மதியாக உட்கார முடியவில்லை. தேர்தலே நடக்கவிடாமல் தடுத்தார்கள். நடந்தாலும் தாங்கள் பொறுக்கிய தலித்தை நிறுத்தி, ஜெயித்ததும் ராஜினாமா செய்ய வைத்தார்கள். மேலவளவில் ஊர் பேச்சைக் கேட்காமல் ஜெயித்த முருகேசனை 1997இல் வெட்டிக் கொன்றார்கள். பொறுக்குகிற அதிகாரத்தின் விலை அதுதான்.

ஆகவே சமூகநீதி பேசுகிற கட்சிகளுக்கு நாம் வைக்க வேண்டிய கோரிக்கை நேரடியானது. தனித்தொகுதி வேட்பாளரை, அந்தத் தொகுதியில் உள்ள உங்கள் கட்சியின் தலித் உறுப்பினர்கள் ரகசிய ஓட்டில் பொறுக்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். உறுப்பினர் பதிவேடும் ஒரு பெட்டியும் போதும். அதில் ஒரு தலைவர் போட்டி வேட்பாளரை ஆதரித்தால் அவரை நீக்கக்கூடாது. செலவுக்கு உச்சவரம்பு வேண்டும்; மீறினால் பெயர் நீக்கம். நம் இயக்கங்கள் தங்களுக்குள் இதை முதலில் செய்து காட்டட்டும். நம் தலைவர்களும் நம்முடைய ஓட்டுக்குப் பயப்படட்டும்.

மேடையேறி ஒருவர் ஒற்றுமை பேசினால், கீழேயிருந்து ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்த வேட்பாளரைப் பொறுக்கியது யார், எந்த அறையில், யார் ஓட்டில்?’ பதில் வருகிறவரைக்கும் நாம்தான் பிளவுவாதிகள் என்றால், இருந்துவிட்டுப் போகிறோம்.